கன்ஹேரியில் முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்

முலுண்டிலிருந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, மும்பை போரிவலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கன்ஹேரி பௌத்தக் குகைகளுக்குப் போனதாகவும், எல்லாம் ஒன்றுபோல வெறும் அறைகளாகத் தெரிந்ததால் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "துறவிகள் இங்கே உட்கார்ந்து தியானம் செய்தார்கள்" என்பதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கு நூறு குகை எதற்கு, குடைய யார் பணம் கொடுத்தது, பிறகு ஏன் காலியானது, நம் தமிழ்நாட்டு பௌத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, உங்கள் குடியிருப்பில் 'ஜெய் பீம்' சொல்லும் அண்டை வீட்டார் பின்பற்றுவதும் இதே பௌத்தம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு பிக்கு, அதாவது பௌத்தத் துறவி, தினமும் எதைச் சாப்பிட்டார், மழைக்கு எங்கே ஒதுங்கினார், அவரை யார் பார்த்துக்கொண்டார்கள்? பௌத்தம் பரவியதும் தேய்ந்ததும் திரும்பி வந்ததும் அந்த ஏற்பாட்டை வைத்துத்தான் புரியும். அதனால் தத்துவத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, பிக்குகளுக்கான விதிகளிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த விதிகளின் தொகுப்புக்கு விநயம் என்று பெயர். இலங்கையிலும் பர்மாவிலும் வழங்கும் தேரவாத மரபில் ஒரு பிக்குவுக்கு 227 விதிகள். அவற்றில் சிலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். மண்ணைத் தோண்டக் கூடாது, பிறரைத் தோண்ட வைக்கவும் கூடாது. செடி கொடிகளை வெட்டக் கூடாது. நண்பகலுக்குப் பிறகு உண்ணக் கூடாது. இன்று வாங்கிய உணவை நாளைக்கு எடுத்துவைக்கக் கூடாது. பொன்னும் வெள்ளியும் வாங்கக் கூடாது. ஆக, பயிர் செய்ய வழியில்லை, சேர்த்துவைக்க வழியில்லை, காசு கொடுத்து வாங்கவும் வழியில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் யாரோ ஒருவர் அவருடைய பிச்சை ஓட்டில் சோறு இட்டால்தான் அன்றைக்குப் பிழைப்பு. காட்டுக்குள் ஓடிப்போய் ஒளிந்துகொள்ள முடியாதபடி, ஊரோடு தினமும் முகம் பார்க்கும்படி இந்த விதிகள் கட்டப்பட்டிருக்கின்றன. பிம்பிசார அரசன் வேணுவனத்தைக் கொடுத்தபோது பார்த்த தகுதியே அதுதான் என்கிறது விநய நூல்: ஊருக்கு மிகத் தொலைவிலும் இருக்கக் கூடாது, மிக அருகிலும் இருக்கக் கூடாது. கன்ஹேரிக் கல்வெட்டுகளில் பெயர் வருவது பத்ராயணீயர் என்ற வேறொரு பிரிவு. அவர்களுடைய விநயம் முழு நூலாக நம் கைக்கு வரவில்லை. ஆனால் கிடைத்திருக்கும் மற்றப் பிரிவுகளின் விநயங்களில் மேலே சொன்ன அடிப்படைகள் ஒத்துப்போவதால், இங்கேயும் அவையே இருந்தன என்று கொள்வதில் பெரிய துணிச்சல் எதுவும் இல்லை.

அடுத்தது மழை. வருஷத்தில் ஒன்பது மாதம் பிக்குகள் ஊர் ஊராக நடக்க வேண்டும். மழைக்கால மூன்று மாதம் மட்டும் ஓரிடத்தில் தங்க வேண்டும். ஆஷாட பௌர்ணமிக்கு மறுநாள் இந்தத் தங்கல் தொடங்குகிறது. மும்பையில் குரு பூர்ணிமா என்று கொண்டாடுகிறார்களே, அதே பௌர்ணமி. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இதற்கு வஸ்ஸம் என்று பெயர். மழை என்பதுதான் அதன் நேர்ப்பொருள். தங்கல் முடிந்ததும் வரும் ஒரு மாதத்தில் ஊர்மக்கள் புதுத் துணி கொடுப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பருக்குள் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கும் இந்தக் கடற்கரையில் மூன்று மாதம் நனையாமல் இருக்க ஓலைக் குடிசை போதாது. பாறைக்குள் குடைந்த அறைதான் தாக்குப்பிடிக்கும். கன்ஹேரியை ஆசிரமம் என்றோ கோயில் என்றோ நினைத்துப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முதன்மையாக அது மழைக்கால வீடுகளின் தெரு.

அப்படி ஒரு வீட்டை நிதானமாகப் பாருங்கள். பெயர்பெற்ற பெரிய குகைகளை விட்டுவிட்டு, மேலே ஏறும் வழியில் உள்ள சிறிய ஒற்றை அறைக் குகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முன்னால் சிறு முற்றம், இரண்டு மூன்று படி, இரண்டு தூண் தாங்கும் தாழ்வாரம். உள்ளே ஒரு கூடம், அதன் ஓரத்தில் பாறையிலேயே விட்ட கல்திண்ணை. பக்கத்து அறையில் ஆள் படுக்கிற அளவுக்கு இன்னொரு திண்ணை. வாசல் நிலையில் தடவிப் பார்க்காமல் கண்ணால் தேடினால் சதுரக் குழிகள் தெரியும். மரக்கதவு பொருத்திய இடம். இனி முற்றத்தின் ஓரத்துக்கு வாருங்கள். தரையிலோ சுவரில் சிறு மாடம் போன்ற இடத்திலோ ஒரு சதுர வாய் இருக்கும். அதுதான் தொட்டி. வாய் சிறியது, உள்ளே பாறைக்கடியில் வயிறு பெரியது. வெயில் படாததால் தண்ணீர் ஆவியாவது குறைவு, பாசி பிடிப்பதும் குறைவு. வாயைச் சுற்றி விளிம்பை உயர்த்தி விட்டிருப்பார்கள், முற்றத்தை அலம்பிய அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்காதிருக்க. குகைக்கு மேலே பாறை முகட்டைப் பார்த்தால் விரல் ஆழத்துக்கு வெட்டிய வாய்க்கால்கள் தெரியும். மழை அந்த வழியாக வழிந்து, தொட்டியில் விழுந்து, நிரம்பினால் அடுத்த தொட்டிக்கோ ஓடைக்கோ போகும்.

இதன் கணக்கைக் குழந்தைகளே போடலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மூன்று மீட்டருக்கு நாலு மீட்டர் பாறைமுகடு என்றால் 12 சதுர மீட்டர். 2,000 மில்லிமீட்டர் மழைக்கு 24,000 லிட்டர். பாதி வீணாகப் போனாலும் 12,000 மிஞ்சும். ஒன்றரை மீட்டர் நீள அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள தொட்டி கொள்வது 4,500 லிட்டர். குடிக்க, ஓடு கழுவ, கைகால் அலம்ப என்று ஒருவருக்கு நாளைக்குப் பத்து லிட்டர் வைத்தால், மழையில்லாத எட்டு மாதத்துக்கு 2,400 லிட்டர் போதும். அளவுகள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை, விகிதம்தான் முக்கியம். ஒரு சின்னப் பாறைமுகடும் ஒரு தொட்டியும் இருந்தால் ஓர் ஆளின் ஆண்டு முழுத் தேவை தீர்ந்தது. ஆற்றங்கரையோ கிணறோ இல்லாத மலையில் நூறு குகை நின்றதற்கு இதுவே அடிப்படை. பிக்கு தன்னுடையது என்று வைத்துக்கொள்ளலாம் என அனுமதிக்கப்பட்ட எட்டுப் பொருள்களில் நீர்வடிகட்டியும் ஒன்று என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆடை, ஓடு, இடுப்புக் கயிறு, சவரக் கத்தி, ஊசி, நீர்வடிகட்டி: இவ்வளவுதான் சொத்து.

வெட்டியதற்குக் கூலி கொடுத்தது யார்? இதற்கு ஊகம் தேவையில்லை. கொடுத்தவர்களே சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிராகிருத மொழி, பிராமி எழுத்து. பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியம்: இன்ன ஊர், இன்ன தொழில், இன்னாருடைய 'லேண', 'போடி', 'தேயதம்ம'. லேண என்றால் குகை வீடு. மராத்தியில் இன்றும் 'லேணி' என்பது அந்தச் சொல்லின் வழிவந்ததுதான். போடி என்றால் தொட்டி. தேயதம்ம என்றால் அறக்கொடை. தொட்டியைக் குகையோடு சேர்த்துத் தனிக் கொடையாகப் பெயர் சொல்லி எழுதும் அளவுக்கு அதற்கு மதிப்பு இருந்தது. கல்யாண் வணிகர், சோபாரா வணிகர், பொற்கொல்லர், கொல்லர், இல்லத்தலைவர்கள், அவர்களுடைய மனைவிமார், தாய்மார் எல்லாரும் வருகிறார்கள். கூடவே பிக்குகளும் பிக்குணிகளும் கொடையாளிகளாக வருகிறார்கள். இது உறுதி. காசு தொடக் கூடாதவர் எப்படிக் கொடை கொடுத்தார் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. உறவினர் மூலம் என்பார் உண்டு. நூலில் உள்ள விதி வேறு, நடைமுறை வேறு என்பார் உண்டு. எனக்கு இரண்டாவதே நியாயமாகப் படுகிறது. ஏனென்றால் பிக்குகளின் பெயர் வருவது ஒன்றிரண்டு இடத்தில் அல்ல; மேற்குக் குகைகள் நெடுக வருகிறது.

குடைந்து கொடுத்தால் மட்டும் போதாதே, ஆண்டுதோறும் துணி கொடுக்க வேண்டுமே. அதற்கும் ஏற்பாடு இருந்தது. இதை மிகத் தெளிவாகக் காட்டுவது நாசிக் பாண்டவ லேணியின் 10ஆம் குகையில் இருக்கும் உஷவதாதனின் கல்வெட்டு. மேற்கு இந்தியாவை ஆண்ட சத்திரப மரபின் அரசன் நகபானனின் மருமகன் அவன். அவன் 3,000 கஹாபண நாணயங்களை ஊரின் நெசவாளர் சங்கங்களில் முதலாகப் போட்டான். 2,000 ஒரு சங்கத்தில், மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. 1,000 இன்னொரு சங்கத்தில், நூற்றுக்கு முக்கால் வட்டி. முதலைத் தொடக் கூடாது, வட்டியை மட்டும் எடுக்க வேண்டும். அந்தக் குகையில் மழைக்காலம் தங்கும் இருபது பிக்குகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு கஹாபணம் ஆடைப்பணம். கணக்கைச் சரிபாருங்கள்: 2,000க்கு மாதம் 20, ஆண்டுக்கு 240, இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் 240. ஒரு நாணயம் மிச்சமில்லை, குறைவுமில்லை. இரண்டாவது முதலின் வட்டியான 90 சில்லறைச் செலவுகளுக்கு என்று பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள். அதைக் குறிக்கும் கல்வெட்டுச் சொல்லின் பொருளில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. கொடையை ஊர் மன்றத்தில் அறிவித்துப் பதிவு செய்ததையும் அதே கல்வெட்டு சொல்கிறது. கன்ஹேரியிலும் இப்படி 'அக்கயநிவி', அதாவது தேயாத முதல், என்ற சொல் வருகிறது. நெசவாளர் சங்கத்துக்குத் தொழிலுக்கு முதல், பிக்குவுக்கு ஆடை, கொடுத்தவருக்குப் புண்ணியம். மூன்று பக்கமும் நிற்கும்வரை இந்த முக்காலி சாயவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு பெரிய குகைகளுக்குப் போனால் அவை பேசத் தொடங்கும். 3ஆம் குகை சைத்திய மண்டபம், அதாவது கூடி வழிபடும் இடம். ஏறத்தாழ 86 அடி நீளம், 40 அடி அகலம், 34 தூண்கள், கோடியில் தூபி, அதாவது புத்தரை நினைத்து வணங்கும் அரைக்கோள மேடு. சாதவாகன அரசன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காலம், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதி. லோணாவ்ளா பக்கம் உள்ள கார்லே மண்டபத்தைப் பார்த்துச் செய்தது. ஆனால் வேலை முடியவில்லை. தூண்களில் சிலவற்றுக்குத்தான் செதுக்கிய தலைப்பு, மற்றவை மொட்டை எண்கோணம். பலர் தவறுவது வாசல் தாழ்வாரத்தின் இரு கோடியில் நிற்கும், 22 அடிக்கு மேல் உயரமான புத்தர்களில்தான். அவையும் மண்டபத்தோடு செய்தவை என்று சொல்லிவிடுகிறார்கள். மண்டபம் வெட்டிய காலத்தில் இங்கே புத்தரை உருவமாக வைத்து வழிபடும் வழக்கம் வரவில்லை. தூபிதான் வழிபாட்டுப் பொருள். அந்தச் சிலைகள் சுமார் மூன்று நூற்றாண்டு பிந்தியவை. ஒரே குகையில் இரண்டு காலத்து பௌத்தம் அடுத்தடுத்து நிற்கிறது என்று சொல்லுங்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும். 11ஆம் குகையை 'தர்பார்' என்பார்கள். தர்பாரும் இல்லை, அரசனும் இல்லை. தரையில் நீளவாக்கில் இரண்டு தாழ்ந்த கல் வரிசைகள். எல்லோராவின் 5ஆம் குகையிலும் இதே அமைப்பு. கூடி உட்கார்ந்து ஓதவோ உண்ணவோ செய்த இடம். அங்கே ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு, கி.பி. 853. 90ஆம் குகையில் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர் எட்டு ஆபத்திலிருந்து காப்பாற்றும் சிற்பம் இருக்கிறது: கப்பல் உடைவது, தீ, யானை, சிங்கம், பாம்பு, திருடன், சிறை என்று. கடலோடி வணிகரின் பயப் பட்டியல் அது. 41ஆம் குகையில் அதே அவலோகிதேசுவரருக்குப் பதினொரு தலை. பெண் தெய்வம் என்றும் பாண்டவர் என்றும் சொல்லிக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பீர்கள். கையில் தாமரை, தலைமுடியில் சிறிய புத்தர் உருவம் இருந்தால் அவலோகிதேசுவரர்.

இங்கே எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை நாலாசோபாராவில். அன்று அது சூர்ப்பாரகம் என்ற துறைமுகம். அசோகனின் எட்டாம் பாறைச் சாசனத்தின் துண்டு 1882இல் அங்கே கிடைத்தது; கண்டவர் பகவான்லால் இந்திரஜி. முடிசூடிப் பத்தாண்டு ஆனபின் சம்போதிக்கு, அதாவது புத்தகயைக்கு, போனதையும், வேட்டைப் பயணத்தை விட்டு அறப் பயணம் தொடங்கியதையும் சொல்லும் சாசனம் அது. ஆகவே கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகனின் சொல் இந்தக் கரையை எட்டிவிட்டது என்பது கல்லில் உள்ள உண்மை. அதே ஆண்டு அங்குள்ள தூபியைத் தோண்டியபோது கற்பேழையும், பொற்பூக்களும், எட்டு வெண்கல புத்தர் உருவங்களும், யக்ஞஸ்ரீயின் வெள்ளி நாணயமும் கிடைத்தன. இதற்கு முன்னே புத்தர் காலத்திலேயே புண்ணர் என்ற வணிகர் துறவியாகி இந்த நாட்டுக்குத் திரும்பினார் என்கிறது பாலி மரபு. அந்த ஊர் மக்கள் முரடர்கள், திட்டினால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்கிறார். அடிக்கவில்லையே, நல்லவர்கள் என்று நினைப்பேன் என்கிறார் புண்ணர். அடித்தால், கல்லெறிந்தால், கத்தியால் குத்தினால் என்று கேள்வி போய்க்கொண்டே இருக்கிறது. அழகான சூத்திரம், ஆனால் வரலாற்றுச் சான்றாக எடுக்க முடியாது. அசோகன் காலத்தில் தம்மரக்கிதர் என்ற யவனத் தேரர், அதாவது கிரேக்க மூத்த பிக்கு, கொங்கணத்துக்கு அனுப்பப்பட்டார் என்று இலங்கையின் மகாவம்சம் சொல்வதும் பிற்காலத்தில் எழுதியது. முழுக்க ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். புத்தர் மறைந்த ஆண்டே தகராறில்தான் இருக்கிறது: இலங்கைக் கணக்குப்படி கி.மு. 544-43, பழைய ஆய்வுக் கணக்குப்படி கி.மு. 483, இன்று பலர் கி.மு. 400ஐ ஒட்டி வைக்கிறார்கள். யாராவது ஒரே ஆண்டை அடித்துச் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

பரவிய வழியை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே இல்லை. சோபாரா, கல்யாண், சௌல் என்ற துறைமுகங்கள். அங்கிருந்து தக்காண மேட்டுக்கு ஏறும் நாணேகாட், போர்காட் கணவாய்கள். வழி நெடுக பாஜா, கார்லே, நாசிக் என்று குகைத் தொகுதிகள். அந்தேரி கிழக்கில் மகாகாளி குகைகள் என்கிறார்களே, கொண்டிவிடே, அதுவும் பௌத்தக் குகைதான். அங்கே தூபிக்கு மேல் வட்டக் குடிசை போலவே பாறையைக் குடைந்திருக்கிறார்கள், சன்னல் சல்லடை உட்பட. வணிகருக்கு வழியில் நம்பகமான இடம், பிக்குவுக்கு வணிகரின் கொடை.

தமிழகத்திலும் இதே அச்சுதான். அசோகனின் சாசனங்களில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்கள் வருகின்றன. ஊர்களைப் பாருங்கள்: காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், உள்ளே காஞ்சி. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் பாலி நூல் எழுதியது காவிரிப்பட்டினத்தில். அதே பட்டினத்தின் பல்லவனீச்சரத்தில் விகாரையின், அதாவது பௌத்த மடத்தின், அடித்தளம் அகழ்ந்து கிடைத்தது. 7ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் காஞ்சிப் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். எண்ணிக்கை முழு எண்ணாக இருப்பதைக் கவனியுங்கள், 'ஏராளம்' என்று எடுத்துக்கொண்டால் போதும். நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் சூடாமணி விகாரம் எழுப்ப, ஆனைமங்கலம் ஊரின் வருவாய் அதற்குக் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அந்த ஊரில் தோண்டத் தோண்ட முன்னூற்றைம்பது பௌத்த வெண்கலங்கள் வரை கிடைத்தன. போதிதருமர் காஞ்சி இளவரசர் என்பது மட்டும் இந்த வரிசையில் சேராது. பழைய சீனக் குறிப்பு ஒன்று தென்னிந்தியர் என்ற அளவில் சொல்வதைப் பிற்காலம் காஞ்சிவரை நீட்டிவிட்டது. நம் மொழியில் இன்றும் நிற்பது ஒரு சொல்: பள்ளி. சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்கான பெயர்தான் பள்ளிக்கூடமும் பள்ளிவாசலுமாக நம் வாயில் இருக்கிறது.

போதனையைப் பற்றி ஒரு வரியாவது சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். துக்கம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்கும், நீங்க வழி உண்டு: நாலு வாய்மை. காரணம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பன்னிரண்டு கண்ணி உள்ள சங்கிலி. அதற்கு நல்ல தமிழ்ச் சொற்கள் மணிமேகலையிலேயே இருக்கின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்று சார்ந்து ஒன்று வருகிறது. நடுவில் ஒன்றை அறுத்தால் அடுத்தது நிற்காது. பொதுவாக அறுக்கச் சொல்வது நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில். வேர்க்குருவின் அரிப்பு நுகர்வு. சொறிய எழும் துடிப்பு வேட்கை. அரிப்பைக் கவனித்துவிட்டுக் கையைத் தூக்காமல் இருக்கப் பழகுவதே பயிற்சி. கோராய் பகோடாவிலும் இகத்புரியிலும் நடக்கும் பத்து நாள் விபாசனைத் தியானப் பயிற்சியில் முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நாலாம் நாளிலிருந்து உடல் உணர்ச்சிகள் என்று போவது இந்தக் கண்ணியைத்தான். காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, கட்டணம் கிடையாது. முழங்கால் வலியை வீரமாகப் பொறுப்பதே பயிற்சி என்று நினைத்துப் பாதியில் எழுந்து போகிறவர்கள் உண்டு. அது தவறான புரிதல்.

ஏன் மறைந்தது? சங்கரர் வாதத்தில் வென்றார், அரசர்கள் ஒடுக்கினார்கள், படையெடுப்பு அழித்தது என்று மூன்று விடை எப்போதும் கேட்கும். நாலந்தா 1200ஐ ஒட்டித் தாக்கப்பட்டது மெய்தான், ஆனால் அது கன்ஹேரிக்குப் பொருந்தாது. 853இல் இங்கே கொடை வந்துகொண்டிருந்தது. 1009இலும் 1021இலும் இங்கு வந்த பார்சிகள் 90ஆம் குகைச் சுவரில் பகலவி என்ற பழைய பாரசீக மொழியில் பெயர் எழுதிவிட்டுப் போனார்கள். அப்போது அங்கே துறவிகள் இருந்தார்களா, பார்சிகள் காலிக் குகையைப் பார்க்க மட்டும் வந்தார்களா என்பது அந்த எழுத்தால் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது இது: முதல் நூற்றாண்டுகளின் கொடையாளிகள் வணிகர், தொழிலாளர், பெண்கள் என்று பலர், பிந்திய கல்வெட்டுகளில் அரசு அதிகாரிகளும் பெரும்புள்ளிகளுமாகச் சிலர். பலர் தாங்கியதைச் சிலர் தாங்கத் தொடங்கினால், அந்தச் சிலர் வேறு கோயிலுக்குத் திரும்பும் நாளில் ஓட்டில் சோறு விழாது. இதையே நான் முதன்மைக் காரணமாக எடுப்பேன். ஆனால் இது கொடுத்தவர் பக்கத்துக் கல்வெட்டை வைத்துச் சொல்வது. கொடுப்பதை நிறுத்தியவர் யாரும் சுவரில் எழுதுவதில்லை. நாகையில் இது இன்னும் நெடுநாள் இழுத்தது. 15ஆம் நூற்றாண்டில் கரைதட்டிய பர்மியத் தேரர்கள் அங்கே பாழான பழைய விகாரையின் இடத்தை வணங்கிச் சென்றதாக பர்மாவின் கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது.

இனி உங்கள் அண்டை வீட்டார். ஆம், அது பௌத்தம்தான். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவர்கள் வீட்டிலும் விகாரிலும் சொல்லும் திரிசரணமும் (புத்தம், தம்மம், சங்கம் என்ற மூன்று சரணம்) பஞ்சசீலமும் (ஐந்து ஒழுக்கம்) இலங்கையிலும் பர்மாவிலும் சொல்லும் அதே பாலி வரிகள். வேறுபாடு எங்கே என்றால், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் செய்த ஒரு காரியத்தில். அவர் மூத்த பிக்கு உ. சந்திரமணியிடம் சரணம் பெற்றார். பிறகு கூடியிருந்த லட்சக்கணக்கானவர்களுக்குத் தாமே, இல்லறத்தாராக நின்று, சரணமும் 22 உறுதிமொழிகளும் கொடுத்தார். மரபில் பிக்கு செய்யும் வேலை அது. பழைய பௌத்தத்தில் இல்லறத்தார் பிக்குவைத் தாங்கினார்கள். இங்கே இல்லறத்தாரே முதலில் எழுந்தார்கள், பிக்குகள் பிறகு வந்தார்கள். 1957இல் வெளியான அவருடைய நூலில், சித்தார்த்தர் வீட்டை விட்டது கிழவரையும் பிணத்தையும் பார்த்ததால் அல்ல, ரோகிணி ஆற்று நீருக்காக அவருடைய குலமான சாக்கியரும் பக்கத்துக் குலமான கோலியரும் போரிட முனைந்தபோது எதிர்த்து நின்றதால் என்று எழுதினார். நாலு வாய்மையையும் மறுபிறப்பையும் பற்றிக் கேள்வி எழுப்பினார். மரபு பௌத்தர் பலருக்கு இதில் உடன்பாடில்லை. விவாதம் இன்றும் நடக்கிறது. 1927இல் மகாடில் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடிக்கவே போராட வேண்டியிருந்த மக்களுக்கு அந்த ஆற்றுநீர்க் கதை எப்படிக் கேட்டிருக்கும் என்பதை யோசித்துவிட்டுத்தான் இந்த விவாதத்துக்குள் போக வேண்டும் என்பது என் எண்ணம். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் 84 லட்சம் பௌத்தர்களில் 65 லட்சம் பேர் மகாராஷ்டிரத்தில்.

தமிழரும் இதில் வெளியாள் இல்லை. அம்பேத்கருக்கு ஐம்பத்தெட்டு ஆண்டு முன்பே, 1898இல், அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் ரங்கூனிலும் கிளைகள் இருந்தன. சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலின் மறுபதிப்புக்கு 1948இல் முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று, அவருடைய நினைவிடமான தாதர் சைத்தியபூமிக்குப் போனால் இந்த நூல்வரிசை நடைபாதைக் கடைகளில் கிடைக்கும். கூட்டம் மிகுதி, குழந்தைகளோடு என்றால் வேறு நாளில் போங்கள்.

கன்ஹேரிக்கு மறுபடி போகும்போது திங்கட்கிழமையைத் தவிருங்கள், பூங்கா மூடியிருக்கும். போரிவலி வாசலிலிருந்து குகை வரை உள்ளே ஆறேழு கிலோமீட்டர். காலை திறந்ததும் கிளம்பினால் பாறை சூடேறுவதற்கு முன் மேலே ஏறிவிடலாம். கையில் தின்பண்டப் பை தெரிந்தால் குரங்கு பறிக்கும். தொட்டியில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்காலமே நல்லது. ஆனால் படிகளில் பாசி வழுக்கும், நடு ஓடையைத் தாண்டாதீர்கள். முதலில் 3ஆம் குகை, அடுத்து 11, பிறகு மேலே ஏறிச் சிறிய குகைகள் என்று போங்கள். அளவு நாடா ஒன்று எடுத்துப்போய், சின்னவர்களை ஒரு தொட்டியின் வாயை அளக்கச் சொல்லுங்கள். எட்டிப் பார்க்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு தொட்டிக்கு மேல் சுவரில் எழுத்து இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கூட்டல் குறி போல ஒன்று தென்பட்டால் அது பிராமியின் 'க'. பழைய தமிழ்க் கல்வெட்டிலும் அதே வடிவம்தான். கல்யாண் வணிகரின் கொடை என்று சொல்லும் வரிகளில் ஊர்ப்பெயரின் முதல் எழுத்து அது.